இரண்டு முப்பத்தொன்று

14 செப்டெம்பர் 2024, சனி

சனிக்கிழமை என்றால் கடையில் மூச்சுவிட நேரமில்லை. ஆர்ஜொந்தெயில் இருந்தும் லா கூர்னெவில் இருந்தும் ரெயில் பிடித்து வருகிற எங்கள் சனம் முழுக்கப் பாரிசில் இந்த லா சப்பல் கடைத்தெருவில்தான் வந்து நிற்கும். இன்றைக்கு முருங்கைக்காய் வந்தது. ஒரு மனுசி ஒவ்வொரு காயாக முறுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனா. நான் வாயே திறக்கவில்லை. முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார், சுகமில்லையோ என்று நினைத்திருப்பார்.

காரணம் வேறு. அதற்குச் சற்று முன்னால்தான் இவர் வந்துவிட்டுப் போயிருந்தார். நான் இருபத்திரண்டு வருசமாக நிற்கிற கடை. வேலை நேரத்தில் என் மனுசன் அங்கே வந்தது மூன்று தரம் இருக்கும். வெங்காயம் பார்க்கிறவர் மாதிரிக் குனிந்துகொண்டு சொன்னார்: "கஜி போன் எடுத்தவள். பிள்ளைத்தாச்சியாம். அடுத்த மாசமாம்."

எட்டு மாதம். எனக்குத் தெரியாமல் என் மகளுக்கு எட்டு மாதம்.

"உன்னை வரட்டாம்," என்றார்.

"என்னட்டைக் கேட்டவளோ, உங்களிட்டைக் கேட்டவளோ?"

"என்னட்டைத்தான். நீ போனை வெட்டிப்போடுவியாம்."

வெட்டியிருப்பேன்தான்.

15 செப்டெம்பர்

ஜப்பான்! பிள்ளை பெற இவளுக்கு உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லையா?

22 செப்டெம்பர், ஞாயிறு

பெரியத்தான் வந்தார். இவருடைய தமையன், குணராசா. இரண்டு வருசத்துக்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறுகிறார். வரவேண்டாம் என்று சொன்னவள் நான்தான்.

நடந்தது இதுதான். கஜந்தினி, மாக்சிம் என்ற அந்த வெள்ளைக்காரப் பெடியனை நகரசபையில் பதிவு செய்தபோது நானும் போகவில்லை, இவரையும் போகவிடவில்லை. எங்கள் பக்கத்தில் இருந்து போனது பெரியத்தான் ஒருவர்தான். போனது மட்டுமில்லை, சாட்சிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். ஐயர் இல்லை, தாலி இல்லை, கூறை இல்லை. ஒரு மேசை, ஒரு பேனை. அதைக் கலியாணம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கடையில் யாரும் கேட்டால், மகள் ஜப்பானில் வேலை என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அந்தப் பெடியனுக்கு அங்கே வேலை கிடைத்துத்தான் இவளும் போனாள் என்பதைச் சொல்வதில்லை.

இன்றைக்கு ஒரு பையை மேசையில் வைத்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைக்கிற சரக்குத்தூள். வேர்க்கொம்பு, மிளகு, மல்லி, திப்பிலி எல்லாம் தானே வறுத்து இடித்தாராம். பெண்சாதியை இழந்த மனுசன். கொஞ்சம் கருகவிட்டிருந்தார், மணத்திலேயே தெரிந்தது. நான் சொல்லவில்லை.

"பிள்ளை," என்றார், "கோபத்தை இஞ்சை வைச்சிட்டுப் போ. திரும்பி வந்து எடுக்கலாம். ஒருத்தரும் களவெடுக்கமாட்டினம்."

சிரிக்கக்கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

17 அக்டோபர், கியோட்டோ

வந்துவிட்டேன். கால் இரண்டும் வீங்கி இடியப்ப உரல் மாதிரி இருக்கிறது.

ரெயில் நிலையத்தில் அவள் நின்றாள். வயிறு முதலில் வந்தது, பிறகுதான் ஆள். என்ன பேசுவது என்று விமானத்தில் பன்னிரண்டு மணித்தியாலம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவள், "அம்மா, சாப்பிட்டனீங்களோ?" என்றாள். நான், "கால் வீங்கியிருக்கோ, காட்டு," என்றேன். என் காலைவிட அவள் கால் பரவாயில்லை.

அந்தப் பெடியன் ஒரு வெதுப்பகத்தில் பாண் போடுகிறவன். விடியப்புறம் போய் மத்தியானம் வருவான். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு "மதாம், மதாம்" என்றபடி முன்னால் நடந்தான். வீடு சின்னது. எல்லாம் நிலத்தில்தான். நிலத்தில் இருந்து சாப்பிட எங்களுக்கு யார் பழக்கவேண்டும்?

20 அக்டோபர்

ஆண் பிள்ளை. விடிய ஐந்து பத்துக்கு. தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு என் மனுசன் வரதராசாவின் மூக்கு. பாவம் பிள்ளை.

27 அக்டோபர்

பெயர் இலான். நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை.

சரக்குக் கறி வைத்தேன். கருகல் மணம் கொஞ்சம் இருந்தது, ஆனால் கஜி கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள். "பெரியப்பா இடிச்சதோ?" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். பெடியனும் கேட்டான். கொடுத்தேன். முகமெல்லாம் வேர்த்து, கண்ணால் தண்ணி ஓட, "நல்லாயிருக்கு, மதாம்," என்றான் பிரெஞ்சில். பொய்யன்.

பிள்ளையின் துணி முழுக்க அவன்தான் அலசுகிறான். என்னைத் தொடவிடுகிறானில்லை. இவர் கஜியின் துணி ஒன்று, ஒரேயொரு துணி, அலசியிருப்பாரா என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்காமலே விட்டிருக்கலாம்.

5 நவம்பர்

இன்றைக்கு ஒரு அதிசயம்.

பக்கத்து வீட்டு மோரி அம்மா தக்காளி மாதிரி இருக்கிற காக்கிப் பழம் கொண்டுவந்தா. எழுபது வயது இருக்கும், நல்ல துப்பரவான மனுசி. பிள்ளையைப் பார்த்துவிட்டு என்னவோ சொன்னா. பெடியன் எனக்கு மொழிபெயர்த்தான். இங்கே ஆண் பிள்ளை என்றால் பிறந்து முப்பத்தோராம் நாள் அந்த இடத்துக் கோயிலுக்குக் கொண்டுபோவார்களாம். இப்படி ஒருவன் வந்திருக்கிறான் என்று சாமிக்கு அறிவிக்க.

முப்பத்தோராம் நாள்!

"எங்களுக்கும் முப்பத்தொண்டுதான்!" என்று நான் கத்தின கத்தில் பிள்ளை எழும்பிவிட்டான். பிள்ளை பிறந்த வீட்டில் எங்களுக்கு முப்பது நாள் துடக்கு, கோயிலுக்குப் போகமாட்டோம். முப்பத்தோராம் நாள் வீடு கழுவி, முழுகி, பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். இதை நான் தமிழில் சொல்ல, கஜி பிரெஞ்சில் சொல்ல, பெடியன் ஜப்பான் மொழியில் சொல்ல, மோரி அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டா. பிறகு இரண்டு பேரும் விரலை மடித்து எண்ணினோம். ஒரு பாஷையும் தேவைப்படவில்லை. பத்தொன்பதாம் திகதி.

போவது ஷிமொகாமோ கோயில். ஊர் நகரமாகிறதுக்கு முன்னமே இருந்த கோயிலாம். பிள்ளையை அப்பம்மாதான் சுமந்துகொண்டு போகவேண்டும், தகப்பனின் தாய். ஆனால் மாக்சிமின் தாய் மர்கரீத் லியோனில் முழங்கால் வெட்டிப் படுத்திருக்கிறா. "அப்ப நீங்கள்தான் தூக்கோணும், அம்மா," என்றாள் கஜி.

என்னை. இரண்டு வருசம் அவளோடு பேசாத என்னை.

அரக்குச் சேலையை எடுத்து மடிப்புப் பார்த்தேன். நல்ல காலம், எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்தது.

16 நவம்பர், சனி

காலை ஆறு மணிக்கு இவர் எடுத்தார். பாரிசில் அப்போது முதல்நாள் இரவு.

"அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார்."

லா கூர்னெவில் ஒரு கடையில் நின்ற மாதிரியே சாய்ந்துவிட்டாராம். இதயம். இவர் அழுது நான் கேட்டதில்லை. தகப்பன் செத்தபோதும் அழவில்லை. இன்றைக்கு அழுதார், நான் குசினியில் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன், என்ன சொல்லுறது, பக்கத்திலை இருந்தால் தண்ணி குடுக்கலாம், முதுகைத் தடவலாம் —

செத்தவீடு இருபத்தைந்தாம் திகதிதான், காத்திருக்கவேண்டுமாம். நான் இருபத்துமூன்று வந்துவிடுவேன். "கஜிக்கு இப்ப சொல்லாதை. பச்சை உடம்புக்காரி," என்றார். சொல்லவில்லை.

எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்த நினைப்பு: பத்தொன்பதாம் திகதி போச்சு.

புருசனின் தமையன். முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசல் மிதிக்க ஏலாது. துடக்கு காதில் விழுந்த நேரத்தில் இருந்துதான் தொடங்கும் என்பார்கள். இந்த மனுசன் ஒரு நாலு நாள் பொறுத்துச் சொல்லியிருந்தால் என்ன? அப்படியும் நினைத்தேன். அங்கே அவர் தனிய இருந்து அழுகிறார், நான் இங்கே நாள் எண்ணுகிறேன்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கியோட்டோவில் என் துடக்குப் பார்க்க யார் இருக்கிறார்கள்? ஜப்பான் சாமிக்கு லா கூர்னெவில் நடந்தது தெரியுமா?

தெரியாதோ? சாமியெல்லோ.

17 நவம்பர்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது இரண்டாம் நாள் விடியவே முடிந்தது.

பெரியத்தானின் மகன் தனூஜன் மரண அறிவித்தலைப் போனில் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறான். கஜி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பார்த்தாள். பிள்ளையை மாக்சிமிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்கு வந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"நேற்று."

பிரெஞ்சில் தொடங்கினாள். பாதி விளங்கவில்லை, விளங்கின பாதியே போதும். பிறகு தமிழுக்கு வந்தாள். "அவர் ஒராள்தானே வந்தவர்! நீங்கள் ஒருத்தரும் வரேல்லை. கோட்டுப் போட்டுக்கொண்டு, சின்னப் பூச்செண்டோடை, அவர் ஒராள்! அவருக்கு நான் அழக்கூட விடமாட்டீங்களோ?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"நான் கோயிலுக்குப் போகேல்லை," என்றாள். "எனக்கும் துடக்குத்தானே. மாக்சிம், மோரி அம்மாவுக்குச் சொல்லு, நாங்கள் வரேல்லை."

"உனக்கெங்கை துடக்கு?" என்றேன். "கலியாணம் கட்டிப் போன பிள்ளைக்குத் தேப்பன் வீட்டுத் துடக்கில்லை. இலான் மாக்சிம் வீட்டுப் பிள்ளை, அவனுக்கும் இல்லை. நீங்கள் போங்கோ. எனக்குத்தான் இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அவளுக்கும் கேட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்ப நான் கலியாணம் கட்டினனானோ, அம்மா?"

இதில் நடுவழி இல்லை. கட்டவில்லை என்றால் அவள் இன்னும் எங்கள் வீட்டுக் குமர். அவளுக்கும் முப்பத்தொரு நாள், பிள்ளைக்கும் கோயில் இல்லை. கட்டினவள் என்றால் அந்த மேசையும் பேனையும் கலியாணம். போகாமல் விட்டது நான்.

"ஓம்," என்றேன். "கட்டினனீ."

அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். மாக்சிமுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான்.

"துடக்கில்லையெண்டால் பெரியப்பாவுக்கு நான் ஆரும் இல்லையோ?" என்று கேட்டாள்.

"அழுகிறதுக்குத் துடக்குக் கணக்கில்லை. அழு."

அழுதாள். என் மடியில்தான். தானாடாவிட்டாலும் தசையாடும் என்பது மற்றவர்களுக்குச் சொல்கிற கதை என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

18 நவம்பர்

மாக்சிம் மோரி அம்மாவிடம் போய் விசயத்தைச் சொன்னான். சிரிப்பா, அல்லது பரவாயில்லை வாருங்கள் என்பா என்று எதிர்பார்த்தேன். அவ தலையைக் குனிந்து துக்கம் விசாரித்தாவாம். இங்கேயும் செத்தவீட்டுக்காரர் கோயிலின் சிவப்பு வாசலைத் தாண்டமாட்டார்களாம், ஐம்பது நாளைக்கு.

ஐம்பது! எங்களைவிடப் பத்தொன்பது நாள் கூட. கேட்டதும் அந்தச் சாமியில் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

பிள்ளையை மோரி அம்மா சுமப்பா.

மாக்சிம் கேட்டான், தானும் என்னோடு வெளியே நிற்கவா என்று. "உன்ரை பிள்ளை. நீ உள்ளுக்குப் போ," என்றேன். "அதோடை இனி மதாம் வேண்டாம். மாமி."

"மாமீ," என்றான். கடைசியில் இழுக்கிறான். பழகும்.

19 நவம்பர், செவ்வாய்

பிள்ளையை இன்றைக்குக் கஜி தனியாக முழுகவார்த்தாள். முழுகின பிறகு நான் தொடக்கூடாது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கதவடியில் நின்று, "தலையைப் பிடி — காதுக்குள்ளை தண்ணி — காதுக்குள்ளை தண்ணி!" என்று கத்திக்கொண்டிருந்தேன். "அம்மா, நீங்கள் வெளியிலை போங்கோ," என்றாள். போகவில்லை.

மோரி அம்மா நரை நிறக் கிமோனோவில் வந்தா. பிள்ளையின் நெற்றியில் சிவப்பால் ஒரு எழுத்து வைத்தா. பெரியவனாக வரவேண்டும் என்று ஆண் பிள்ளைக்கு வைப்பதாம். எங்கள் பொட்டு மாதிரி. பிறகு பிள்ளையைக் கையில் வாங்கி, அவன் மேல் பட்டுத் துணி ஒன்றைப் போர்த்தி, அதன் நாடாவைத் தன் கழுத்துக்குப் பின்னால் கட்டிக்கொண்டா. என்ன வடிவு. எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைத்தானே எழுதவேண்டும்.

அரக்குச் சேலையை மடித்து வைத்துவிட்டு, சாதாரணச் சேலையும் குளிர் கோட்டுமாகப் பின்னால் நடந்தேன். கோயிலுக்கு ஒரு காடு வழியாகப் போகவேண்டும். நகரத்துக்கு நடுவில் அப்படி ஒரு காடு. பெரிய பெரிய மரங்கள், சரளைக்கல் பாதை, பக்கத்தில் சின்ன வாய்க்கால். எல்லாருடைய சப்பாத்தும் சரக் சரக் என்கிறது. முடிவில் அந்த வாசல். இரண்டு தூண், மேலே இரண்டு விட்டம், கதவில்லை. சிவப்பு.

நான் நின்றேன். மற்றவர்கள் வாசலில் குனிந்துவிட்டுப் போனார்கள். மோரி அம்மா மட்டும் போகமுதல் திரும்பி, பிள்ளையை அணைத்தபடியே, எனக்கு ஒரு தரம் தலை குனிந்தா. நானும் குனிந்தேன். வேறு யாராக இருந்தாலும், "ஒண்டும் செய்யாது, வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள்.

சனம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. ஒரு வாசலுக்கு வெளியே இப்படி நிற்பது லேசில்லை. யாரும் தடுக்கவில்லை, பூட்டு இல்லை, காவல் இல்லை. நகரசபை வாசலில் அன்றைக்குப் பூட்டு இருந்ததா? அங்கேயும் இல்லை. அன்றைக்கு வீம்பில் போகாமல் விட்டேன், இன்றைக்கு முறைக்குப் போகாமல் நிற்கிறேன். பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். எனக்குத் தெரியும் வித்தியாசம்.

உள்ளே எங்கேயோ மேளம் ஒன்று அடித்தது. கனத்த அடி. உடனே பிள்ளை வீரிட்டது. எத்தனை பிள்ளை அழுதாலும் அது இலான் என்று தெரியும். என் கால் போய்விட்டது. இரண்டு எட்டு. வலது கால் அந்த வாசலுக்கு நேர் கீழே. பார்த்து இழுத்துக்கொண்டேன்.

பிறகு வெளியில் நின்றே கும்பிட்டேன். அந்தச் சாமியின் பெயர் எனக்குத் தெரியாது. "ஐயா, இவன் எங்கடை பிள்ளை, ஆனால் எங்கடை வீட்டுத் துடக்கு இவனுக்கில்லை. பார்த்துக்கொள்ளுங்கோ," என்றேன். பெரியத்தானுக்கு அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நன்றாக அழுதேன். அவரை வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொன்ன வாய் இது. மன்னிப்புக் கேட்க இனி ஆள் இல்லை.

மாக்சிம்தான் முதலில் வெளியே வந்தான், பிள்ளையோடு, கிட்டத்தட்ட ஓட்டம். "மாமீ," என்று என் கையில் வைத்தான். கஜி பின்னால் வந்து, "கோயிலாலை வந்த பிறகு நீங்கள் தொடலாம்தானே?" என்று கேட்டாள். தொடலாமோ என்னவோ. ஐயரிடம் கேட்டால் ஒன்று சொல்லுவார். நான் ஐயரிடம் கேட்கவில்லை.

படம் உள்ளே எடுக்கவில்லை. எல்லாரும் வாசலுக்கு வெளியே வந்து நின்று, என்னையும் நடுவில் நிறுத்தி எடுத்தார்கள். அழுத மூஞ்சை. இருக்கட்டும்.

23 நவம்பர், பாரிஸ்

இவர் மெலிந்துவிட்டார். ஒரு கிழமை தேத்தண்ணியும் பாணுமாக இருந்திருக்கிறார்.

25 நவம்பர்

செத்தவீடு முடிந்தது. தனூஜன் கொள்ளி வைத்தான், இங்கே பொத்தான் அழுத்துகிற கொள்ளி. நான் பெட்டிக்குக் கிட்டப் போய்ச் சொல்லவேண்டியதைச் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை.

7 டிசெம்பர், சனி

பெரியத்தானின் முப்பத்தொன்று வருகிற பதினைந்தாம் திகதி. அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு மலர் அடிக்கவேண்டும். தனூஜனுக்கு வேலை; நானும் இவரும் லா சப்பலில் அச்சடிக்கிற கிருஷிகனின் கடைக்குப் போனோம்.

அவன் மரண அறிவித்தலில் இருந்த பெயர்களை அப்படியே எடுத்து வைத்திருந்தான். இன்னாரின் மகன், இன்னாரின் சகோதரன், இன்னாரின் மாமனார் என்று எங்கள் சனத்துக்கு அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் ஏழு தலைமுறைக்குக் கோபம் இருக்கும். வாசித்துக் காட்டினான்: "கஜந்தினி, ஜப்பான், அவர்களின் அன்புப் பெரியப்பாவும்..."

"நில்லும் தம்பி," என்றேன். "அதுக்குப் பிறகு போடும். மாக்சிம் அவர்களின் அன்பு மாமனாரும், இலானின் அன்புப் பாட்டனாரும்."

கிருஷிகன் தட்டச்சில் இருந்து கையை எடுத்தான். "மாக்சிம் ஆர், அன்ரி?"

"எங்கடை மருமகன்."

இவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கின கலியாண அழைப்புக் காட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்ப கலியாணம் நடந்தது? எங்களுக்கொண்டும் சொல்லேல்லை. காட்டும் எங்களிட்டை அடிக்கேல்லை!" பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பெண்களுக்கும் காது நீண்டுவிட்டது. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கதை கார் து நோர் ரெயில் நிலையம் வரைக்கும் போய்விடும். போகட்டும்.

"ரெண்டு வருசம்," என்றேன், அவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "நகரசபையிலை. பெரியத்தான்தான் சாட்சிக் கையெழுத்து."

அவன் அடித்தான். மாக்சிமின் 'க்'கில் புள்ளியை விட்டிருந்தான், திருத்துவித்தேன். மாதிரித் தாள் ஒன்று எடுத்துத் தந்தான். இவர் கண்ணாடியைப் போட்டு முதலில் இருந்து கடைசிவரை வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். தெருவுக்கு வந்த பிறகுதான் பேசினார்.

"அண்ணை பார்த்திருக்கோணும்."

"ஓம்," என்றேன்.